தறிக்காரர் வீட்டுக்கும் கட்டுப்படியாகிற ஆகாயம்

வியட்நாம் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒரே ஊரில் உட்கார்ந்து திரும்பாதீர்கள். அந்த நாட்டுக்குள்ளேயே விமானம் ஏறுங்கள். காசு எக்கச்சக்கமாக ஆகும் என்று பயப்பட வேண்டியதில்லை. நம் ஊர் ஜவுளிக்கடைக்காரரும், நாலு தறி வைத்து ஓட்டுகிறவரும் கணக்குப் போட்டுப் பார்த்து, "சரி, போகலாம்" என்று சொல்கிற விலைக்கே அங்கே உள்நாட்டு விமானம் பறக்கிறது. இதை நேரில் அனுபவித்துவிட்டு வந்ததிலிருந்து, சேலம் பக்கத்து நெசவு ஊரான எங்கள் இளம்பிள்ளையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வியட்நாமின் வடிவத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். வடக்கே ஹனோய், தெற்கே சைகோன் என்கிற ஹோ சி மின் நகரம், நடுவில் கடலோரமாக டா நாங். ஒல்லியாக நீண்டு கிடக்கிற நாடு. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ரயிலில் ஏறினால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். விமானத்தில் இரண்டே கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஒரு வாரம், பத்து நாள் லீவு போட்டுவிட்டு வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. கடையை மூடிவிட்டு வருகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் காசு.

இந்த யோசனையே எங்களுக்கு வந்தது திருச்சியால்தான். வியட்ஜெட் நிறுவனம் 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் விட்டது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. இளம்பிள்ளையில் கிளம்பி நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகக் காவிரிக்கரையை ஒட்டியே போனால் திருச்சி வந்துவிடும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் இரவெல்லாம் காத்துக்கிடக்கிற வேலை இல்லை. 2024-ல் திறந்த புதிய முனையம் வேறு, அவ்வளவு விசாலமாக இருக்கிறது.

சைகோன் டிக்கெட்டைப் போட்டபிறகுதான் உள்நாட்டு விமானங்களைத் தேட ஆரம்பித்தேன். ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து, கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். கூகுள் ஃப்ளைட்ஸில் தேதியைக் குறிப்பிடாமல் மாதம் முழுவதற்குமான விலையைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு நாளுக்குக் கீழேயும் ஒரு தொகை வந்து உட்காரும். வெள்ளி, ஞாயிறு விலை ஏறி நிற்கும். செவ்வாய், புதன் இறங்கிக் கிடக்கும். அதிகாலை ஆறு மணி விமானமும் ராத்திரி பத்து மணிக்கு மேற்பட்டதும் இன்னும் கீழே. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அதே நாளைப் பார்த்தேன். சைகோனிலிருந்து ஹனோய்க்கு வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் சேர்த்து வந்த வியட்நாம் டாங் தொகையை ரூபாய்க்கு மாற்றினால் நான்காயிரத்துக்குப் பக்கம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இது ஒரு பக்கத்துக்குத்தானே?"

"ஆமா, ஒரு பக்கம்தான்."

"சேலத்துல இருந்து டெல்லிக்குப் போற அளவு தூரம் இல்லையா இது? இந்த விலையா?"

டெல்லி அளவு தூரம் இல்லைதான். ஆனாலும் ஆகாய வழியில் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அவருடைய ஆச்சரியம் நியாயமானது. அந்த நிமிஷமே டா நாங்கையும் சேர்த்துவிடலாம் என்று அவரேதான் சொன்னார்.

டாங் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். மூன்று லட்சம் டாங் என்றால் நம் பணத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும், சந்தையிலும் விமான டிக்கெட்டிலும் தடுமாற மாட்டீர்கள்.

இவ்வளவு மலிவு எப்படி என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை கூடியது. வியட்ஜெட் 2011 டிசம்பரில்தான் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது. அதை உருவாக்கிய நுயென் தி ஃபுவோங் தாவோ என்கிற அம்மையார், வியட்நாமில் சொந்த முயற்சியில் பில்லியன் டாலர் சொத்துச் சேர்த்த முதல் பெண்மணி. ஏ321 விமானம் ஒன்றில் 230 பேரை ஏற்றி, இறங்கியதும் உடனே திருப்பி அனுப்பி, நாளெல்லாம் பறக்கவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எதிரே அரசின் வியட்நாம் ஏர்லைன்ஸ், இன்னொரு பக்கம் பாம்பூ ஏர்வேஸ். 2023-ல் ஹனோய், சைகோன் தடத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இருக்கைகள் விற்பனைக்கு இருந்தன. உலகத்திலேயே பரபரப்பான உள்நாட்டு வான்வழிகளில் அது முன்வரிசையில் நிற்கிறது. அவ்வளவு இருக்கையை நிரப்ப வேண்டுமென்றால் விலையைக் குறைத்துத்தானே ஆக வேண்டும்?

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்நாட்டு எகானமி டிக்கெட்டுக்கு அரசாங்கமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த திருத்தப்படி, 1,000 கிலோமீட்டரிலிருந்து 1,280 கிலோமீட்டர் வரையிலான தடத்துக்கு ஒரு பக்கக் கட்டணம் அதிகபட்சம் 34 லட்சம் டாங். அதற்கும் மேற்பட்ட தூரத்துக்கு 40 லட்சம். வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. கடைசி நிமிஷத்தில் டிக்கெட் எடுத்தாலும் விலை ஒரு அளவுக்கு மேல் தலைக்கு ஏறாது. தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் டிக்கெட் விலையைப் பார்த்து நொந்துபோன நமக்கு இதன் அருமை தெரியும்.

அவர்களுக்கும் ஒரு தீபாவளி உண்டு. டெட் என்கிற சந்திரப் புத்தாண்டு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்தச் சமயத்தில் நாடே சொந்த ஊருக்குப் போகிறது. ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகிய விடுமுறை நாட்களை ஒட்டியும் கூட்டம். இந்த நாட்களை விட்டுவிட்டுப் பயணத்தை வைத்துக்கொண்டால் உச்சவரம்பைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்காது.

பயண வரிசையை அமைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். திருச்சி விமானம் போய் இறங்குவதும், திரும்பி வரும்போது ஏற வேண்டியதும் சைகோன். ஆகவே இறங்கியதும் முதலில் தூரமான ஹனோய்க்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து டா நாங். டா நாங்கிலிருந்து சைகோன். வீடு திரும்புகிற நாளுக்கு முந்தின நாளே சைகோன் வந்து, அங்கே ஓர் இரவு தங்கிவிட வேண்டும். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளில், உள்நாட்டு விமானம் தாமதமாகி வெளிநாட்டு விமானத்தை விட்டுவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கடைசி இரவைச் சைகோனில் வைத்தால் அந்தக் கவலையே இல்லை. முடிந்தவரை காலையின் முதல் விமானத்தையே பிடியுங்கள். ஒரே விமானம் நாள் முழுக்க ஓடுவதால், காலையில் பத்து நிமிஷம் தாமதமானால் சாயங்காலம் அது ஒரு மணி நேரமாக வளர்ந்து நிற்கும்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரியது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டம் காலியாக இருக்கும். என் மனைவியின் பாஸ்போர்ட் அப்படித்தான். டிக்கெட் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. பெயர் ஒன்றே ஒன்றாக இருப்பவர்கள் எப்படி நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் சொல்லியிருக்கும். பெரும்பாலும் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டு அப்படியே செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத இனிஷியலை நீட்டி எழுதி, அப்பா பெயரைச் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது. மின்விசாவிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரே இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவதற்கான மின்விசா 25 டாலர். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள்.

பணம் கட்டுவதை ஊரிலேயே முடித்துவிடுவது உத்தமம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவைக்க வேண்டும். ஓ.டி.பி. வருகிற சிம் கையில் சிக்னலோடு இருக்க வேண்டும். வியட்நாம் சிம்மைப் போட்டபிறகு அங்கே உட்கார்ந்து ஓ.டி.பி.க்குத் தவம் இருப்பது தேவையில்லாத பாடு. ரூபாயில் கட்டுகிறீர்களா, டாங்கில் கட்டுகிறீர்களா என்று தளம் கேட்டால் டாங் என்று சொல்லுங்கள். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

இனி மூட்டை. சேலைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். மலிவு டிக்கெட்டில் கையோடு 7 கிலோ மட்டும்தான். ஒரு சாஃப்ட் சில்க் சேலையை மடித்துத் தராசில் வைத்தால் எவ்வளவு நிற்கும் என்று இளம்பிள்ளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்து சேலை எடுத்துவைத்தால் பையே நிறைந்துவிடும். டிக்கெட் போடும்போதே பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டால் மலிவு. விமான நிலையத்தில் போய்க் கட்டினால் அதன் விலை வேறு. நாங்கள் கிளம்புவதற்கு முன்பே வீட்டுத் தராசில் நிறுத்தி, பெட்டிக்கும் பணம் கட்டிவிட்டுத்தான் போனோம். ஹனோயில் நிம்மதியாகத் துணி வாங்க முடிந்தது அதனால்தான்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? ஹனோய் நகரத்தின் ஹா டோங் பகுதியில் வான் ஃபுக் என்று ஒரு பட்டு கிராமம். அங்கே போகிற வழி இது. ஹனோய் விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது. 86 என்கிற ஆரஞ்சு நிற பஸ் 45,000 டாங்குக்கு, அதாவது நம் 150 ரூபாய்க்கு, நகருக்குள் கொண்டுவந்து விடும். டாக்சிக்குக் கொடுத்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். நகருக்குள்ளிருந்து ஹா டோங் பக்கம் மெட்ரோ ரயிலே இருக்கிறது. 2021-ல் ஓட ஆரம்பித்த தடம்.

வான் ஃபுக் தெருவுக்குள் நுழைந்ததும் காதில் விழுந்தது தறிச் சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தெருவில் விடிகாலையில் கேட்கிற அதே சத்தம். கதவு திறந்திருந்த ஒரு கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். மேலே ஜக்கார்டு பெட்டி, துளை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று இறங்குகின்றன, கீழே பாவு விரிந்து கிடக்கிறது. ஓர் அம்மா தறியை நிறுத்தி, அறுந்த இழையை விரல் நுனியில் எடுத்து, ஈரம் தொட்டு முறுக்கி, முடிந்துவிட்டு, மறுபடி ஓடவிட்டார். அந்த முடிச்சு போடுகிற வேகம் அப்படியே எங்கள் அத்தையினுடையது. என் மனைவி தன் பையிலிருந்து நம் ஊர் சேலை ஒன்றை எடுத்து விரித்தார். அந்த அம்மா முந்தியைப் பிடித்துத் திருப்பி, முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். நெசவு தெரிந்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அவர் எடுத்துக் காட்டிய பட்டு ஒரே நிறம். நேராகப் பார்த்தால் வெறும் துணி. வெளிச்சத்தில் சாய்த்தால் பூவும் மேகமும் எழுந்து வருகின்றன. நாம் செல்ஃப் டிசைன் என்று சொல்கிற வேலைதான். ஆனால் எவ்வளவு நயம்! இந்தக் காட்சி எனக்குக் கிடைக்கச் செய்தது அந்த மலிவு விமானம்தான். ரயிலில்தான் போக வேண்டும் என்றால் ஹனோய் பக்கமே நாங்கள் போயிருக்க மாட்டோம்.

டா நாங் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கடற்கரையில் நிற்கலாம். அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டரில் மி சன். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் செங்கல் கோபுரங்களாகச் சிவன் கோயில்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்கிற சம்பா அரசன் பத்ரேஸ்வரருக்குக் கோயில் எடுத்த இடம். 1969-ல் அமெரிக்க குண்டுவீச்சில் நிறைய இடிந்துபோனது. 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே போய் பழுது பார்த்தது. அந்த வேலையின்போது 2020-ல் மண்ணுக்குள்ளிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு ஒற்றைக்கல் சிவலிங்கம் வெளிப்பட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை போய் வருகிற என் மனைவி அந்த லிங்கத்தின் முன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

டா நாங்கிலிருந்து ஹுவே போக நினைப்பவர்கள் மட்டும் விமானத்தை நினைக்க வேண்டாம். நூறு கிலோமீட்டர்தான், ரயில் பிடியுங்கள். ஹை வான் கணவாயில் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கீழே கடல். அந்தப் பாதைக்கு எந்த விமானமும் ஈடாகாது.

திரும்பி சைகோன் வரும்போது அங்கே உள்நாட்டுக்கு டி1, டி3 என்று இரண்டு முனையங்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். டி3 திறந்தது 2025 ஏப்ரலில். வெளிநாட்டு விமானத்துக்கு டி2. உங்கள் விமானம் எதில் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சைகோனில் தங்குகிற அந்தக் கடைசி நாளுக்கு ஒரு வேலை இருக்கிறது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ட்ரூவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் கட்டியது. இன்றைக்கு அந்தக் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கப்பலில் வாரக்கணக்கில் போய் அங்கே கடை வைத்த நம் ஆட்களை நினைத்துக்கொண்டே நின்றேன்.

வியட்நாம் மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை. மலேசியாவில் ஏர் ஏசியா இருக்கிறது. சரவாக், சபா காட்டுப் பகுதிகளுக்கு அரசு மானியத்தில் சின்ன விமானங்கள் பறக்கின்றன. நேபாளத்தில் உள்நாட்டு விமானத்துக்கு நேபாளிகளுக்கு ஒரு விலை, இந்தியர்களுக்கு ஒரு விலை, மற்ற வெளிநாட்டவர்களுக்கு ஒரு விலை. நமக்கு உண்டான சலுகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஜப்பானில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே தனிச் சலுகைக் கட்டணத்தை அந்த ஊர் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. எந்த நாட்டுக்குப் போனாலும், போய் இறங்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்ததோடு நிறுத்தாமல், அந்த நாட்டுக்குள் யார் யார் பறக்கிறார்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

நம் ஊருக்கும் இந்தக் கனவு புதிதல்ல. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கி, சாதாரண மனிதர்களை விமானத்தில் ஏற்றிக் காட்டினார். மத்திய அரசின் உடான் திட்டம் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வந்தது. அதில்தான் 2018 மார்ச்சில் சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் கிளம்பியது. நடுவில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடி பெங்களூர், கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று சேலத்துக்கு ஏ.டி.ஆர். விமானங்கள் வந்தன. காமலாபுரத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். வியட்நாமின் கோன் டாவ் தீவில் இருக்கிற ஓடுபாதையும் ஏறக்குறைய அதே நீளம்தான். அதே ஏ.டி.ஆர்.72 நெடுங்காலம் அந்தத் தீவுக்கு ஆட்களைச் சுமந்திருக்கிறது. ஆக, குட்டி ஓடுபாதை ஒரு குறையே இல்லை.

ஆடித் தள்ளுபடி முடிந்து, தீபாவளிச் சரக்கு ஏறுவதற்கு முன்னால் நம் ஊரில் கொஞ்சம் மூச்சு விடுகிற நாட்கள் வரும். செப்டம்பர் 2-ஐத் தள்ளிவிட்டு அதற்கடுத்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள். மின்விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, சைகோனிலிருந்து ஹனோய்க்குக் காலை முதல் விமானத்தின் விலையைத் தேடுங்கள். வீட்டில் இருக்கிற அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டாயம் போய்விட்டு வாருங்கள்.